லார்ட் ஹெஸ்லப் எழுந்து நிற்கிறார்

மறுபடியும் உட்கார வேண்டியதாகிவிட்டது. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன், எண்ணினால் முழங்கால் கூடுதலாக வலிக்கிறது. இந்தச் சபையில் பேச வேண்டுமானால் ஒரே வழிதான். பேசிக்கொண்டிருப்பவர் உட்காரும் நொடியில் விருட்டென்று எழுந்து சபாநாயகரின் கண்ணில் பட வேண்டும். அவர் யாராவது ஒருவர் பெயரைச் சொல்வார். அது நம் பெயர் இல்லையென்றால், கோட்டைச் சரிசெய்துகொள்ள எழுந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட வேண்டும். பாதி உலகத்தை ஆள்கிற நாடாளுமன்றத்தில் பெரிய மனிதர்கள் எல்லாரும் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருக்கிறோம். கண்ணில் படாமல் போக நான் ஒன்றும் சின்ன உருவம் இல்லை, ஆறடிக்கு மேல் உயரம், அதற்கு முன்னால் எங்கள் வம்சத்து மூக்கு. ஆனால் பதினேழு வருஷமாக ஒரு தடவைகூட எழுந்து நிற்காதவன் இன்று எழுந்தால் சபாநாயகர் என்ன நினைப்பார், பாவம் கால் மரத்துப்போயிற்று, உதறிக்கொள்கிறான் என்றுதானே நினைப்பார். பதினேழு வருஷத்தில் நான் வாய் திறக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. சபைக் குறிப்புகளில் அங்கங்கே 'சிரிப்பு' என்று போட்டிருக்கிறார்களே, அதில் என் பங்கும் உண்டு. ஒரு தடவை எல்லாரும் சிரித்து முடித்தபிறகு எனக்கு நகைச்சுவை புரிந்தது, தனியாகச் சிரித்தேன், அதை மட்டும் குறிப்பில் போடவில்லை. இப்போது சர் லெனார்ட் எழுந்து நிற்கிறார், என்னைத் தாண்டி அவருடைய பெயரைத்தான் சொன்னார்கள். காட்டுக்கோழியைப் பற்றிப் பேசுகிறார். பொதுமக்கள் பக்கத்தில் நடந்து போனால் காட்டுக்கோழி மனம் ஒடிந்து முட்டையிடாதாம். எங்கள் வீட்டுக் காட்டுக்கோழிகளை நான் பார்த்திருக்கிறேன், அவற்றின் மனத்தை எதனாலும் ஒடிக்க முடியாது.

பேச வேண்டியது பத்தே நிமிஷம். பேச்சை எழுதிவைத்துப் படிக்கக் கூடாது என்பது இங்கே விதி, அதனால் மூன்று வாரமாகக் குளியலறையில் தொட்டிக்கும் துண்டுக்கும் முன்னால் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துவிட்டேன். சபாநாயகர் அவர்களே, ஒற்றையடிப் பாதை என்பது நாட்டின் நரம்பு. அடுத்தது என்ன? நரம்பு, நரம்பு. நரம்பை அடைக்க எந்தப் பிரபுவுக்கும் உரிமை இல்லை. ஆமாம், அதுதான். எந்தப் பிரபுவுக்கும் என்னும்போது சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும், ஏனென்றால் அந்தப் பிரபு என் அப்பா. க்ரான்மூர் பிரபு. காலம்காலமாக ஊர்க்காரர்கள் நடந்துகொண்டிருந்த பாதை எங்கள் பூங்கா வழியாக, அப்பாவின் சன்னலுக்குக் கீழே போகிறது. அதன் வாயிலில் அவர் ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார். குதிரை லாயத்துக்குப் போடுகிற பூட்டு, கையில் எடுத்தால் மணிக்கட்டு வலிக்கும். இந்த மாதிரிப் பூட்டுகளையெல்லாம் திறக்க வைக்கத்தான் எதிர்க்கட்சிக்காரர் ஆக்ராய்டு மசோதா கொண்டுவந்திருக்கிறார், சுரங்கத்தில் வேலை செய்து வந்தவர், கழுத்து என் தொடை அளவுக்கு இருக்கும். அவருக்கு ஆதரவாகப் பேசுகிறேன் என்று நானாகப் போய்ச் சொன்னபோது, பிடித்த என் கையை விடவே மறந்துவிட்டார். தனிநபர் மசோதா, வெள்ளிக்கிழமை மட்டும்தான் எடுப்பார்கள், நாலு மணி அடிப்பதற்குள் ஓட்டெடுப்பு நடக்க வேண்டும், யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே நாலு அடித்துவிட்டால் மசோதா அங்கேயே செத்தது, அடுத்த வருஷம்தான். இன்னும் நேரம் இருக்கிறது. நேரம் இல்லாதது எனக்குத்தான். காலையில் அக்கா ஹனோரா ஊரிலிருந்து போன் செய்தாள். "ஆம்ப்ரோஸ், கேக்குதா? அப்பா மூணு நாளா ஒண்ணும் சாப்பிடலை. டாக்டர் வந்துட்டார். பாதிரியாரும் வந்து கீழே டீ குடிச்சிட்டிருக்கார். எனக்கென்னமோ பயமா இருக்கு." நான் உடனே வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் வருகிறேன் என்றேன். அவள் போனை டக்கென்று வைத்துவிட்டாள், அந்தச் சத்தம்தான் காலையிலிருந்து காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

என் நிலைமை அப்படி. நான் லார்ட் ஹெஸ்லப் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது, அப்பாவிடம் இருக்கும் பட்டங்களில் உபரியாக இருந்த ஒன்றை இரவல் கோட்டு மாதிரி எனக்குப் போட்டுவிட்டிருக்கிறார்கள். சட்டப்படி நான் வெறும் ஆம்ப்ரோஸ். அதனால்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டு இந்தச் சபையில் உட்கார முடிகிறது. அப்பா கண்ணை மூடினால் அந்த நிமிஷமே நான் நிஜப் பிரபு, இங்கே எனக்கு இடம் கிடையாது, எழுந்து அந்தக் கோடியில் இருக்கும் பிரபுக்கள் சபைக்குப் போய்ச் சிவப்புத் தோல் ஆசனத்தில் மற்றப் பிரபுக்களோடு சேர்ந்து தூங்க வேண்டும். அங்கே போய்ப் பேசிக்கொள்ளேன் என்று கேட்கலாம். அங்கே இருக்கிற எல்லாரும் பூட்டுப் போட்டவர்கள். அதுகூடப் பரவாயில்லை. பயம் வேறு. அப்பா போய்விட்டால் சாவி என் கைக்கு வரும், மசோதாவும் வேண்டாம் கிசோதாவும் வேண்டாம், நானே போய்த் திறந்துவிடலாம். திறப்பேனா? முதல் வாரம் திறப்பேன். இரண்டாவது வாரம் எவனாவது ஒருவன் நாயோடு வருவான், அந்த நாய் ஏரி வாத்துகளைத் துரத்தும், யாரோ சாண்ட்விச் சுற்றிய காகிதத்தை என் சன்னலுக்குக் கீழே போடுவான், மூன்றாவது வாரம் பூட்டு எங்கே இருக்கிறது என்று நானே வேலைக்காரனைக் கேட்பேன். எனக்கு என்னைத் தெரியும். எனக்கு அந்த மூக்கு மட்டுமா வந்திருக்கிறது? அதனால்தான் இன்றைக்கே, அப்பா இருக்கும்போதே, நான் ஒன்றுமில்லாதவனாக இருக்கும்போதே, இந்த நாலு சுவருக்குள் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அச்சில் வந்துவிடும், அப்புறம் பின்வாங்க முடியாது. சர் லெனார்ட் இன்னும் காட்டுக்கோழியில்தான் இருக்கிறார். தொண்டை வறண்டுவிட்டது, இருமல் மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறேன், திடீரென்று கூப்பிட்டால் அதை என்ன செய்வது? விழுங்குவதா, துப்புவதா? மிட்டாயோடு பேசினால் நாட்டின் நரம்பு என்பது எப்படிக் கேட்கும்?

ஐயோ, வாசலில் ட்விஸ்டன். எங்கள் கட்சிக் கொறடா கேப்டன் ட்விஸ்டன், வாசலில் நின்று பெஞ்சு பெஞ்சாகப் பார்க்கிறார். என்னைத்தான் தேடுகிறார். கொறடா ஒருவனைத் தேடினால் ஓட்டுப் போடக் கூப்பிட வேண்டும், இன்றைக்கு ஓட்டு அவரவர் இஷ்டம், ஆகையால் அது இல்லை, ஆகையால் இது வேறு, ஆகையால் ஊரிலிருந்து போன். நான் கூரையைப் பார்க்கிறேன். கூரையில் அழகான மரவேலை, பதினேழு வருஷமாக நான் கவனிக்கவே இல்லை. கண்ணோரத்தில் ட்விஸ்டன் கையை ஆட்டுவது தெரிகிறது. தெரியவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் கேட்காத வரைக்கும் அப்பா இருக்கிறார். அப்படித்தானா? செத்த நிமிஷத்திலேயே நான் பிரபு ஆகிறேனா, இல்லை சேதி என் காதில் விழும் நிமிஷத்திலா? செத்த நிமிஷத்தில் என்றால், காலையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நான் பிரபுவாகியிருக்கலாம், அப்படியென்றால் இவ்வளவு நேரம் போட்ட தோப்புக்கரணம் எல்லாம் செல்லாது. எழுந்து நின்றவன் யாரோ. சீ, என்ன மனுஷன் நான், அப்பா கிடக்கிறார், நான் விதியை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். அப்பா எப்படிக் கிடப்பார்? அவர் படுத்துப் பார்த்ததே இல்லை. சண்டை போடுகிற நிலையில்தான் எப்போதும் பார்த்திருக்கிறேன். பூட்டு வருவதற்கு முன்னால் தினமும் காலையில் அந்தப் பாதையில் தடியோடு போய் நிற்பார். வருகிறவர்களைப் பிடித்துச் சண்டை. செருப்புத் தைக்கிறவர், தபால்காரர், பிரசவம் பார்க்கிற மிஸஸ் டிக்கிள். ஆளுக்கு அரைமணி நேரம். "இது யார் நிலம் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார், மிஸஸ் டிக்கிள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உங்க தாத்தாவைக் கேளுங்க, எங்க பாட்டி இங்கே நடந்ததை அவர் சொல்வார்" என்பாள், அப்பாவுக்கு முகம் சிவக்கும், கண் பளபளக்கும். வீட்டுக்கு வந்து மூன்று முட்டை சாப்பிடுவார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார், பேச வேண்டியதையெல்லாம் பாதையில் பேசித் தீர்த்துவிட்டு வருவார். அப்புறம் ஏதோ கோபத்தில் பூட்டுப் போட்டார், யாரும் வரவில்லை. அதற்கப்புறமும் தடியோடு போய் அந்தப் பூட்டுக்கு உள்பக்கமாக நின்றுகொண்டுதான் இருந்தார். போன இலையுதிர்காலத்தில் ஒரு நாள் பார்த்தேன், தானே பூட்டைத் திறந்து வெளியே வந்து, சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு மனசு என்னவோ செய்தது. போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்று தோன்றியது, போகவில்லை, போனால் என்ன பேசுவது?

ட்விஸ்டன் உள்ளே வந்துவிட்டார். என் வரிசையிலேயே நுழைந்துவிட்டார். பெரிய மனிதர்களின் முழங்கால்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று வருகிறார். தடித்த முழங்கால்களே, நகராதீர்கள். கர்னல் ஒருவர் தூங்குகிறார், கடவுள் அவருக்கு நல்ல தூக்கம் கொடுக்கட்டும், அவரைத் தாண்டக் கொஞ்ச நேரம் ஆகும். சர் லெனார்ட், காட்டுக்கோழி போதும், உட்காரும். உட்காரமாட்டேன் என்கிறார். ட்விஸ்டன் கர்னலைத் தாண்டிவிட்டார். மிட்டாயை விழுங்கிவிட்டேன், பாதித் தொண்டையில் நிற்கிறது. சர் லெனார்ட் உட்கார்ந்தேவிட்டார், நான் எழுந்தேன், அதே சமயம் ட்விஸ்டன் என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்துக் காதோரம் குனிந்தார்.

"உங்க அக்கா போன் பண்ணினாங்க. உங்க அப்பா..."

"போயிட்டாரா?" என்றேன். என் குரல் இல்லை, மிட்டாயின் குரல்.

"இல்லை. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் சாகமாட்டாராம்."

"என்னது?"

"டாக்டர்கிட்ட சொன்னாராம். 'நான் போயிட்டா அவனைச் சபையிலேருந்து எழுப்பி விட்டுடுவாங்க. எனக்கு எதிரா பேசத்தானே போறான், பேசட்டும். அவன் உட்கார்ந்துட்டான்னு சேதி வந்தப்புறம் நான் கண்ணை மூடிக்கிறேன்'னு. உங்க அக்கா போனைக் கீழே வைக்காம அழுதுக்கிட்டிருக்காங்க. நீங்க உட்கார்ந்ததும் நான் போய்ச் சொல்லணுமாம்."

"லார்ட் ஹெஸ்லப்," என்றார் சபாநாயகர்.

நிற்கிறேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, தூங்கின கர்னலைக்கூட யாரோ எழுப்பிவிட்டார்கள். என் வாய் பேசுகிறது, கேட்கிறது எனக்கு, சபாநாயகர் அவர்களே, ஒற்றையடிப் பாதை என்பது நாட்டின் நரம்பு, நன்றாகத்தான் கேட்கிறது, ஆக்ராய்டு எதிர் வரிசையில் அந்தப் பெரிய கழுத்தை ஆட்டி ஆட்டி ரசிக்கிறார். பத்து நிமிஷம். அதில் மூன்று போயிற்று. பத்து நிமிஷம் முடிந்தால் நான் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் ட்விஸ்டன் வாசலைத் தாண்டிப் போவார், போனில் சொல்வார், ஹனோரா மாடிக்குப் போவாள், அப்பா சரி என்பார். அவர் சொன்னால் செய்கிறவர். வாழ்க்கையில் ஒரு தடவை அவர் சொன்னதைச் செய்யாமல் விட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு எதிராகப் பேசட்டும் என்றாராமே. பேசட்டும் என்றாராமே! ஐம்பது வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, அதையும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். பேச்சு கடைசி வரிக்கு வந்துவிட்டது, ஆகவே இந்த மசோதாவை ஆதரிக்கிறேன் என்று சொல்லி உட்கார வேண்டியதுதான், ஆகவே, ஆகவே என்று வாய் வந்துவிட்டது, முட்டி மடங்கத் தொடங்குகிறது, வாசலில் ட்விஸ்டன் திரும்புகிறார். "ஆகவே," என்கிறேன், "சபை அந்தப் பாதையை ஒருமுறை என்னோடு நடந்து பார்க்க வேண்டும்." முட்டி நிமிர்கிறது. ட்விஸ்டன் நிற்கிறார். வாயில் என்றால் அது என்ன மரம், யார் செய்தது, கீல் எந்தப் பக்கம், மழைக்காலத்தில் எப்படி முனகும். அதைத் தாண்டினால் ஒரு பெரிய ஓக் மரம். மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். மரத்தில் கூடு கட்டின காக்கையைப் பற்றிச் சொல்கிறேன். ஓடைக்கு மேலே ஒரு பலகை, அதில் கால் வழுக்கினவர்கள் யார் யார், வழுக்கியதும் என்ன சொன்னார்கள், அதில் சபைக்கு ஏற்றதை மட்டும். சபாநாயகர் இருமுகிறார். மசோதாவுக்கு வரச் சொல்கிறார். "வருகிறேன், நேர்ப்பாதை பூட்டியிருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது," என்கிறேன், சபை சிரிக்கிறது, இந்தத் தடவை சிரிப்பு என் கணக்கில். ஆக்ராய்டு மட்டும் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கையை இப்படிக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டுகிறார், உட்கார், உட்கார் என்று. ஒருவன் முதன்முதலாகப் பேசும்போது யாரும் குறுக்கிடக் கூடாது என்பது இந்தச் சபையின் மரபு, பாவம், அந்த மரபு அவர் வாயைக் கட்டிவிட்டது, பதினேழு வருஷம் கழித்து வந்தாலும் முதல் பேச்சு முதல் பேச்சுதான். விவாதத்தை முடியுங்கள் என்று தீர்மானம் கொண்டுவரலாம், அதற்கு நூறு பேர் ஓட்டு வேண்டும், வெள்ளிக்கிழமை மத்தியானம் நூறு பேருக்கு எங்கே போவார்? நான் மிஸஸ் டிக்கிளில் இருக்கிறேன். அந்தப் பாதையில் நள்ளிரவில் பிரசவம் பார்க்க ஓடினவள், இப்போது குன்றைச் சுற்றி ஓடுகிறாள். அவளுக்காகத்தான் பேசுகிறேன், பேசப் பேச அவளுக்கே துரோகம் செய்துகொண்டிருக்கிறேன், தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது, உட்காரேன் ஆம்ப்ரோஸ், ஒரு நாட்டுக்கே பாதை திறக்கும், உட்காரேன். முடியவில்லை. எனக்கு அப்பா வேண்டும். இவ்வளவுதான் விஷயம். கொள்கையெல்லாம் இருக்கட்டும், எனக்கு அந்தக் கிழவர் வேண்டும். தடியோடு, முகம் சிவந்து, கண் பளபளக்க. தபால்காரர், செருப்புத் தைக்கிறவர், ஒவ்வொருவராகச் சொல்கிறேன், அவர்கள் அப்பாவைத் திட்டினதை எல்லாம் சொல்கிறேன், ஒவ்வொரு திட்டும் அவருக்கு ஒரு முட்டை. கால் வலிக்கவே இல்லை. நான் இவ்வளவு பேசுவேன் என்று யாருக்குத் தெரியும், எனக்கே தெரியாது, இத்தனை வருஷமாக உள்ளே எங்கே கிடந்தது இது? ஏரிக்கரை வந்துவிட்டது. அப்பாவின் சன்னல் தெரிகிறது. சன்னலில் விளக்கு. இங்கே சற்று நிற்போம் சபாநாயகர் அவர்களே, என்கிறேன், இங்கிருந்து பார்த்தால் வீடு நன்றாகத் தெரியும். என் குரல் உடைகிறது, சபை அமைதியாகிறது, பூட்டியது எவ்வளவு பெரிய பாவம் என்று நான் உருகுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்போது மணி அடிக்கிறது. நாலு.

நேரம் முடிந்தது, என்கிறார் சபாநாயகர். மசோதா செத்துப்போயிற்று. உட்காருகிறேன். ட்விஸ்டன் வாசலில் இல்லை. யார் யாரோ வந்து கை கொடுக்கிறார்கள், சர் லெனார்ட் இரண்டு கையாலும் கொடுக்கிறார், இவ்வளவு சாமர்த்தியமாக ஒரு மசோதாவைக் கொன்று அவர் பார்த்ததே இல்லையாம். வெளியே தாழ்வாரத்தில் ஆக்ராய்டு சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லாப் பேசினீங்க," என்கிறார். "எனக்கே கண் கலங்கிடுச்சு. ஏன் சார் உட்காரலை?"

வாயைத் திறக்கிறேன். அதற்குள் அவர் கையை உயர்த்தித் தடுத்துவிடுகிறார்.

"எங்க ஊர்ப் பிள்ளைங்க இன்னும் ஒரு வருஷம் சுத்தித்தான் பள்ளிக்கூடம் போகணும்," என்கிறார். "அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்லை."

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த அகலமான முதுகு படியிறங்கிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன், வெட்கமாக இருந்தது. அப்புறம் போன் இருக்கும் கூண்டுக்கு ஓடினேன், ஐம்பது வயசுக்கு அது ஓட்டம்தான். உள்ளே ட்விஸ்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு விசித்திரமான முகத்தோடு நிற்கிறார். அதை என்னிடம் நீட்டினார். அவசரமாகப் பிடுங்கியதில் அது என் மூக்கில் இடித்தது.

"ஆம்ப்ரோஸா?" ஹனோராவின் குரல், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "நாலு அடிச்சும் நீ உட்கார்ந்ததா சேதி வரலைன்னதும் எழுந்து உட்கார்ந்துட்டார்டா. அவனே இவ்வளவு நேரமா நின்னுட்டிருக்கான், நான் படுத்திருக்கேனேன்னு கேட்டார். முட்டை கொண்டுவரச் சொன்னார். பாதிரியாருக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை. இரு, இரு, அப்பா பேசணுமாம்."

அப்பா போனில் பேசியதே இல்லை. அது இருக்கும் மாடத்துக்கே வரமாட்டார். கம்பியை இழுத்துக்கொண்டு படுக்கைக்குக் கொண்டு போகிறார்கள் போலிருக்கிறது, என்னவோ உருளுகிறது, விழுகிறது, யாரையோ திட்டுகிறார். அந்தத் திட்டைக் கேட்டதும் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன்.

"நாலு வரைக்குமா பேசினே?" என்கிறது அந்தக் குரல்.

"ஆமாம்ப்பா."

"எனக்கு எதிராத்தானே?"

"ஒவ்வொரு வார்த்தையும்."

"ம்." மெல்லுகிற சத்தம். "அந்தச் சுரங்கக்காரன் விடமாட்டான். அடுத்த வருஷமும் கொண்டுவருவானா?"

"கொண்டுவருவார்."

"நீ பேசுவியா?"

ஏமாந்துவிட்டேனா? மூன்று நாளாக இதற்குத்தான் பட்டினி கிடந்தாரா? கேட்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார், எனக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியது இந்த மெல்லுகிற சத்தம்தான். ஆனாலும் ஆக்ராய்டின் முதுகு கண் முன்னால் படியிறங்கிக்கொண்டே இருக்கிறது.

"பேசுவேன்," என்றேன். "ஆனா அடுத்த தடவை பத்தே நிமிஷம்தான் அப்பா. சொல்லிட்டு உட்கார்ந்துடுவேன். நீங்க எப்படி இருந்தாலும் சரி, உட்கார்ந்துடுவேன்."

அந்தப் பக்கம் மெல்லுவது நிற்கிறது. முட்டை ஓட்டைக் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்கிறது, இரண்டாவது முட்டை.

"பார்க்கலாம்," என்கிறார் அப்பா.